மேசைமேல் மூச்சுவிட்ட கல்

நாம் விற்பது ஓட்டை. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டைக்கு நடுநடுவே கொஞ்சம் சுட்ட மண் இருக்கும்; ஓட்டை கலைந்து போய்விடக் கூடாதே என்பதற்காக. வாசலில் ‘நுண்துளை செராமிக்’ என்று போர்டு வைத்திருப்பது சம்பந்தம் பேச வருகிறவர்களுக்காக. மாப்பிள்ளை ஓட்டை செய்கிறார் என்றால் எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்?

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கம்பெனியில் கேட்டார்கள். மைக் இருக்கிற பக்கமே நான் போவதில்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன். உங்களில் பாதிப் பேர் பொத்தேரிக் காலேஜில் பெரிய படிப்பு முடித்து வந்திருக்கிறீர்கள். நீங்கள் ஒரு கேள்வி கேட்டு, எனக்குப் பதில் தெரியாமல், அதை நினைத்து நான் ஒரு வாரம் தூங்காமல் கிடந்து, எதற்கு வம்பு? எழுதியே கொடுத்துவிடுகிறேன். கேள்வி இருந்தால் உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூளையை எப்படி ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்லப்போவது ஒரு தொட்டியைப் பற்றி.

நம் வேலையில் கேள்வி இரண்டே இரண்டு. காற்று போகிறதா? கல் தாங்குகிறதா? ஓட்டையைக் கூட்டினால் காற்று தாராளமாகப் போகும், கல் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஓட்டையைக் குறைத்தால் கல் மேல் ஏறி நின்று டான்ஸ் ஆடலாம், காற்று மட்டும் போகாது. ஒன்றுக்குச் சோறு போட்டால் இன்னொன்று பட்டினி. நான் வேலை பார்த்த காலம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் கரண்டியோடு நின்றதுதான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக இறால் குஞ்சுப் பண்ணைகள் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். கண் இமை மயிர் அளவுக் குஞ்சுகளைத் தொட்டியில் வைத்து வளர்த்து, பெரிய பண்ணைக்காரர்களுக்கு விற்பார்கள். தொட்டியில் இரவு பகலாகக் காற்று விட வேண்டும். புளோயர் என்கிற இயந்திரம் காற்றை ஊதும். குழாயின் நுனியில், தொட்டியின் அடியில், நம்முடைய கல் கிடக்கும். கல் அந்தக் காற்றைப் பொடிக் குமிழியாக்கி மேலே அனுப்பும். குமிழி நின்றால் குஞ்சுக்கு மூச்சு நின்றது.

அப்படி ஒரு பண்ணையின் முதலாளி ஜாபர் பாய். அந்தக் கரையில் அவர் ஒரு கல்லை நல்ல கல் என்று சொன்னால் பத்துப் பண்ணை வாங்கும். ஆனால் அவர் நல்லதாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. நம்முடைய கல் அப்போது சீக்கிரம் உடைந்துகொண்டிருந்தது. தொட்டியைக் கழுவும்போது கை தவறினால் போச்சு. ஒருநாள் உடைந்த துண்டுகளை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு செங்கல்பட்டில் நம் கம்பெனிக்கே வந்துவிட்டார். மேசையில் கொட்டினார்.

“இன்னா அண்ணாத்த, கல்லுன்னு சொல்லி முறுக்கு வித்துகினு கீறீங்களா?”

ரோஷம் வந்துவிட்டது. மாதக்கணக்கில் மாற்றி மாற்றிச் சுட்டோம். மண் பருக்கையைப் பொடியாக்கினோம். பொடிப் பருக்கை நெருக்கமாக ஒட்டிக்கொள்ளும், கல் உறுதியாகும். காற்று குறைந்துவிடுமே என்று உமித்தூளைக் கூடுதலாகச் சேர்த்தோம். சூளையில் உமி எரிந்துபோய் அந்த இடமெல்லாம் ஓட்டையாகும். அதாவது ஓட்டை சின்னதாகிவிட்டது, எண்ணிக்கை கூடிவிட்டது. உடைத்துப் பார்க்கும் மெஷினில் வைத்தால் முள் எகிறியது. காற்று மீட்டரில் வைத்தால் அதுவும் பழைய அளவே காட்டியது. உறுதியும் கிடைத்தது, காற்றும் குறையவில்லை. நம் முதலாளி எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் யாராவது பிரியாணி வாங்கிக் கொடுத்தால், சாப்பிடுங்கள். ஆனால் ஒரு கண்ணைக் கல்லின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுக்காமல் இன்னொன்று கிடைக்காத தொழிலில் இரண்டும் கிடைத்துவிட்டது என்றால், மூன்றாவதாக ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியாமல் கை மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஆர்டரைப் பற்றி நான் கவலைப்படாத விஷயமே கிடையாது. அட்டைப்பெட்டி மழையில் நனையுமோ, குழாய் மாட்டும் முனை இறுக்கமாக இருக்குமோ, கல்லின் நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறதே, பாய் வேறு சரக்கு என்று நினைப்பாரோ. என் வீட்டுக்காரி சொல்வாள், உனக்குக் கவலைப்பட ஒன்றும் இல்லையென்றால் அதற்கும் சேர்த்துக் கவலைப்படுவாய் என்று. கம்பெனியில் எனக்குப் பெயரே ‘பேஜாரு அண்ணாத்த’. அத்தனை கவலையில் ஒன்றுகூட சரியான இடத்தில் போய் உட்காரவில்லை.

இங்கே ஒரு பக்கெட் கதையைச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் சோதனை மேசைக்குப் பக்கத்தில் நீல நிற டிரம் ஒன்று, இடுப்பளவுத் தண்ணீரோடு இருக்கும். பேர்தான் பக்கெட். யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சூளையிலிருந்து வந்த கல்லில் தட்டுக்கு ஒன்றை எடுத்து அதில் ஊறப் போட்டு, குழாயை மாட்டி ஊதிப் பார்ப்போம். ஒரு தடவை ஆடிட் செய்ய ஆட்கள் வந்தார்கள். தரை ஈரமாக இருக்கிறது, ஆள் வழுக்கி விழுவான் என்றார்கள். உண்மைதான். டிரம்மை அப்புறப்படுத்திவிட்டு, ஏசி போட்ட ரூமில் பளபளவென்று ஒரு காற்று மீட்டர் வந்தது. பெருக்குகிற அம்மாவுக்கு நிம்மதி. எனக்குக் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆறியது. காய்ந்த கல், காய்ந்த மேசை, காய்ந்த கால். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

புதுக் கல் போய்ச் சில வாரம் கழித்து, நான் டிபன் டப்பாவைத் திறக்கிற நேரத்தில் பாயின் போன்.

“அண்ணாத்த, உன் கல்லு வாய மூடிகிச்சு. தொட்டிக் குஞ்சு மொத்தமும் மேல வந்து மூச்சுக்குத் தவிச்சிகினு கீது. நீ வரியா, இல்ல கல்ல எட்துகினு நான் வரட்டா?”

டப்பாவை அப்படியே மூடினேன். முதலாளி ஒரு கல்யாணத்துக்காக வெளியூரில். போன் செய்தால் நாதஸ்வரம்தான் கேட்கிறது. டிரைவர் லீவு. தர சோதனைக்கு ரூபி என்று ஒரு பெண் இன்ஜினியராக இருந்தாள். செங்கல்பட்டுக்காரி. அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் படிக்க வைத்தவர். ரூபி கம்பெனியின் மினி லாரி, அந்தக் குட்டியானையும் ஓட்டுவாள், முதலாளியையும் ஓட்டுவாள். சாவியை எடுத்துக்கொண்டு, ஏறுங்க அண்ணா என்றாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை நான் வாய் மூடவில்லை. உமியில் ஏதாவது மருந்து இருந்திருக்குமோ, அது தண்ணீரில் இறங்கிக் குஞ்சைக் கொன்றிருக்குமோ, போலீஸ் வருமோ, பாய் கையை வைப்பாரோ, வைத்தால் எந்தக் கன்னம்.

“அண்ணா,” என்றாள் ரூபி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “கொஞ்ச நேரம் கவலப்படாம வாங்க. வண்டி உங்க பக்கமா இழுக்குது.”

பண்ணையில் நீளமான கொட்டகை, உள்ளே வரிசையாகச் சிமென்ட் தொட்டிகள். மற்ற தொட்டிகளில் பழைய கற்கள் சோறு கொதிப்பதுபோலப் பொங்கிக்கொண்டிருந்தன. புதுக் கல் போட்டிருந்த, கோடியில் இருந்த பெரிய தொட்டியில் மட்டும் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. அதன் ஓரமெல்லாம் பழுப்பாக ஒரு கோடு. கிட்டப் போனால்தான் தெரிந்தது, அத்தனையும் குஞ்சு. சுவரோரமாக மேலே வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. பாயின் ஆட்கள் தொட்டியைச் சுற்றி நின்று மக்கில் மொண்டு, உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் ஆற்றுவதுபோல. அந்தக் காற்றில்தான் அத்தனை உயிரும் நின்றுகொண்டிருந்தது. ஆற்றுகிற கைகள் ஓய்ந்துகொண்டு வந்தன.

அடுத்த நாள் காலை அந்தத் தொட்டிக் குஞ்சை ஏற்றிக்கொண்டு போக வண்டி வருவதாக இருந்தது. அந்த சீசனில் அந்தத் தொட்டிதான் நன்றாக வந்திருந்தது. பாய் சட்டை இல்லாமல், பனியன் நனைய, ஒரு மக்கோடு நின்றிருந்தார். 

தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவன் சகாயம் என்று ஒரு இளைஞன். அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டோம். குஞ்சு விட்டபோது தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருக்கும், குஞ்சு வளர வளர நாளும் கொஞ்சம் ஏற்றுவார்கள், அது அவர்கள் வழக்கம். புதுக் கல் முதலில் நன்றாகவே ஊதியது. நாளாக ஆகக் குமிழி சுருங்கியது. அன்று காலை கழுத்து வரை ரொப்பினான். கொஞ்ச நேரத்தில் கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிவிட்டன.

அவன் சும்மா இருக்கவில்லை. ஒரு கல்லைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை விட்டுப் பார்த்திருக்கிறான். குழாய் பாம்பு மாதிரி துள்ளி, குடம் குடமாகக் காற்றைக் கக்கி, அந்த இடத்துக் குஞ்சையெல்லாம் தூக்கி அடித்திருக்கிறது. போதாததற்குக் காற்றெல்லாம் அந்த வாய் வழியாக ஓடிவிட, பக்கத்துத் தொட்டிகள் அடங்கப் பார்த்திருக்கின்றன. பயந்துபோய் மறுபடி கல்லை மாட்டிவிட்டான். பழையது ஏதாவது மீதி இருக்கிறதா என்று ரூபி கேட்டாள். இந்தத் தொட்டியில் கழற்றியதையெல்லாம் வாசல் பள்ளத்தில் கொட்டி, மேலே லாரி ஏற்றியாகிவிட்டதாம்; மற்ற தொட்டிகளில் இருப்பதைக் கழற்றினால் அங்கே மூச்சு நிற்கும்.

“அப்ப இந்தக் கல்லையே ஒடச்சி மாட்டு. விரிசல் வழியா காத்து வரும்,” என்றார் பாய்.

சகாயம் ஒரு கல்லை எடுத்துத் தொட்டி விளிம்பில் ஓங்கி அடித்தான். சிமென்ட் பெயர்ந்தது. இன்னொரு தடவை அடித்தான். இன்னும் கொஞ்சம் சிமென்ட் பெயர்ந்தது. கல்லுக்கு ஒரு கீறல் இல்லை. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து, உடைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட கல் அது ஒன்றுதான்.

“அன்னைக்கு ஒடையாதடான்னா ஒடைஞ்சுது,” என்றார் பாய். “இன்னைக்கு ஒடைடான்னா என் தொட்டிய ஒடைக்குது.”

சிரிக்க யாருக்கும் தெம்பில்லை. பாய் மக்கைக் கீழே போட்டார். மற்ற தொட்டிகளின் வால்வையெல்லாம் மூடு, மொத்தக் காற்றும் இங்கே வரட்டும் என்றார். சகாயம் வால்வை நோக்கி நடந்தான்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. “பாய், வாணாம்,” என்றேன். “வால்வ மூடினா தொறந்துக்கலாம். அந்தத் தொட்டிங்க செத்தா எதத் தொறக்கறது?”

“அப்ப இது சாவட்டும்ன்றியா?”

பிள்ளைகளே, ‘வேண்டாம்’ என்று சொல்ல எட்டாவது போதும். அதற்கு அடுத்த வார்த்தைக்குத்தான் படிப்பு வேண்டும், என்னிடம் அது இல்லை.

அந்த நேரத்தில் ரூபி தொட்டி ஓரத்தில் குனிந்து, ஒரு குழாயைப் பிடித்துக் கல்லை மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். கல்லில் பாசி அடைத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இழுத்திருக்கிறாள். கல் இன்னும் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. முழங்கை ஆழத்துக்கு வந்ததும் புஸ்ஸென்று ஊத ஆரம்பித்தது. நின்றாள். கையைத் தளர்த்திக் கீழே விட்டாள். அடங்கியது. மேலே இழுத்தாள். ஊதியது. மறுபடி விட்டாள். அடங்கியது. ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் மக்கைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“அண்ணா, இத நாம எங்க வெச்சு ஊதிப் பாத்தோம்?”

“மேச மேல.”

“காஞ்ச கல்ல.”

“ஆமா.”

அவள் இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னாள். அது எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்காது.

அப்புறம் அவள் எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓட்டைக்குள் போன தண்ணீர் சுலபமாக வெளியே வராது. ஓட்டை எவ்வளவு சின்னதோ அவ்வளவு பிடிவாதம். காற்று முதலில் அந்தத் தண்ணீரைத் தள்ள வேண்டும். அதோடு கல்லின் தலைக்கு மேல் நிற்கிற தண்ணீரின் கனத்தையும் தள்ள வேண்டும். பழைய பெரிய ஓட்டைக்குப் புளோயரின் பலம் போதுமாக இருந்தது. புதுப் பொடி ஓட்டைக்குப் பாதித் தொட்டி வரை போதுமாக இருந்தது. முழுத் தொட்டிக்குப் போதவில்லை. காய்ந்த கல்லை மேசைமேல் வைத்து ஊதினால் இது எதுவுமே தெரியாது. உறுதிக்காக நாம் மூன்றாவதாகக் கொடுத்தது, ஆழத்தில் ஊதுகிற இந்தத் தெம்பைத்தான். நம் கையிலிருந்து கொடுக்கவில்லை, பாயின் தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தோம்.

காரணம் தெரிந்தது. இனி என்ன செய்வது என்பதில் மூன்று பேருக்கு மூன்று அபிப்பிராயம். ரூபிக்கு, தண்ணீரைத் திறந்துவிட்டுப் பழைய மட்டத்துக்கு இறக்கிவிடலாம் என்று. சகாயம் கூடாது என்று தலையை ஆட்டினான்; வேகமாகத் திறந்தால் தெம்பில்லாத குஞ்செல்லாம் வடிகால் வலையில் போய் அப்பிக்கொள்ளும். கல்லை மேலே தூக்கிக் கட்டலாம் என்று அவன் சொன்னால் பாய் ஒப்பவில்லை. அடியில் காற்றில்லாமல் மீதித் தீனி அழுகும், அந்த நாற்றம் மேலே வந்தால் எல்லாம் முடிந்தது.

மூன்று பேரும் சொன்னது சரிதான். நெருக்கடியில் பேஜாரே அதுதான், தப்பான யோசனை என்று ஒன்று இருந்தால் வேலை சுலபம். நான் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். எதைச் செய்தாலும், இதைத் திரும்ப மாற்ற முடியுமா என்றுதான் முதலில் என் புத்தி போகும். கல்லைத் தூக்கிக் கட்டினால், சரிப்படாவிட்டால் அவிழ்த்துவிடலாம். தண்ணீர் போனால் போனதுதான். அதைச் சொன்னேன். முதலில் தூக்கிக் கட்டுவோம், குஞ்சுக்குக் கொஞ்சம் மூச்சு வரட்டும், தெம்பு வந்த பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவோம், இறங்க இறங்கக் கல்லையும் அடிக்கு இறக்கிக்கொண்டே போவோம்.

பாய் என்னைப் பார்த்தார். ரூபியைப் பார்த்தார். “கயிறு எடுடா,” என்றார்.

தொட்டியின் குறுக்கே பிளாஸ்டிக் பைப்புகளைப் போட்டு, அதில் ஒவ்வொரு குழாயாகத் தூக்கிக் கட்டினோம். ஒரு கல் ஊத ஆரம்பித்ததும் அடுத்ததற்குப் போனோம். பாயும் கட்டினார், அவர் போட்ட முடிச்சை நான் திருட்டுத்தனமாக இன்னொரு தடவை இறுக்கினேன், அவர் பார்த்துவிட்டு அடுத்த குழாய்க்குப் போனார். தொட்டி முழுக்கப் பொங்க ஆரம்பித்ததும் மக்குக்காரர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ரொம்ப நேரம் கழித்து, ஓரத்தில் இருந்த பழுப்புக் கோடு மெல்லக் கலைந்தது. குஞ்சுகள் கீழே போயின. நீந்திப் போயினவா, செத்து விழுந்தனவா என்று மேலிருந்து சொல்ல முடியாது. அதன் பிறகுதான் சகாயம் வடிகாலை ஒரு விரற்கடை திறந்தான்.

பின்னால் கம்பெனியில் என்ன செய்தோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பருக்கையைக் கொஞ்சம் பெரிதாக்கினோம். உறுதி கொஞ்சம் இறங்கியது. கல் மறுபடி அங்கொன்றும் இங்கொன்றுமாக உடைகிறது, திட்டு வருகிறது, வாங்கிக்கொள்கிறோம். உடைந்த கல் தான் உடைந்திருப்பதைக் கண்ணுக்குக் காட்டிவிடும், பதிலுக்கு இன்னொன்று போடலாம். வாய் மூடிய கல் முழுசாக, அழகாக, அப்படியே உட்கார்ந்திருக்கும். முள் எவ்வளவு காட்டுகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தக் கல் எங்கே போய்க் கிடக்கப்போகிறது என்று கேளுங்கள். அங்கே ஈரமா, சூடா, அழுத்தமா? அதே மாதிரி ஒரு இடத்தில் அதைக் கொஞ்சநேரம் கிடக்க வையுங்கள்; அந்தப் பழைய பக்கெட் இருந்தது அதற்குத்தான். தரை வழுக்கினால் ஒரு சாக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பாதிக்கு இறங்கி, கற்கள் அடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. பாய் ஒரு வெள்ளைப் பேசினில் தொட்டித் தண்ணீரை மொண்டு என்னிடம் நீட்டினார். உள்ளே தூசி தூசியாகக் குஞ்சுகள். எல்லாம் அடியில் அசையாமல் கிடந்தன. நான் பேசினைத் தொடாமல் பின்வாங்கினேன்.

“ரூபிகிட்ட குடுங்க பாய். எனக்குக் கை நடுங்குது, கொட்டிடுவேன்.”

“நடுங்கட்டும் அண்ணாத்த, புடி,” என்றார். “சும்மா நிக்கிற தண்ணில செத்ததும் உயிரோட கீறதும் ஒண்ணாத்தான் தெரியும். தண்ணி சுத்தணும். செத்தது தண்ணியோட போயிடும். உசுரு கீறது எதுத்துகினு வரும்.”

பேசினைப் பிடித்தேன். கை நடுக்கத்தில் தண்ணீர் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. ரூபி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் குஞ்சுகள் சுழலோடு போய் நடுவில் ஒரு புள்ளியாகச் சேர்ந்தன. மற்றவை, பேசின் நிறைய, ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பி, என் கை ஆட்டிய ஆட்டத்துக்கு எதிராக நீந்தின.